சாப்பாட்டுப் பட்டியலில் ஒரு வர்க்கம்: 2021 பிரிட்டன் கல்விக் குழு அறிக்கை குறித்த நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் 22 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கல்விக் குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. கன்சர்வேட்டிவ் கட்சியின் ராபர்ட் ஹால்ஃபன் தலைமையிலான அந்தக் குழு, வெள்ளை இன உழைக்கும் வர்க்க மாணவர்கள் மறக்கப்பட்டுவிட்டார்கள், கைவிடப்பட்டுவிட்டார்கள் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தது. செய்தி ஊடகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அன்றைக்கும் அடுத்த சில நாட்களுக்கும் வானொலி விவாதம், தொலைக்காட்சி விவாதம், பத்திகள் என எங்கு பார்த்தாலும் 'வெள்ளை உழைக்கும் வர்க்கம்'தான்.

பேச்சு எதைச் சுற்றி நடந்தது என்பதையும் சொல்லிவிடலாம். 'வெள்ளையர் சலுகை' (வெள்ளையராக இருப்பதாலேயே கிடைக்கும் சாதகம்) போன்ற சர்ச்சைக்குரிய சொற்களைப் பள்ளிகள் பரப்புவது 2010 சமத்துவச் சட்டத்தின் கடமைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என அறிக்கை ஒரு கருத்தை வைத்திருந்தது. சண்டைக்கு அது போதுமானதாக இருந்தது. குழுவில் இருந்த தொழிற்கட்சி உறுப்பினர் கிம் ஜான்சன் அறிக்கையை வெளிப்படையாகவே ஏற்க மறுத்தார். ஒரு தரப்பு இனத்தைப் பற்றிப் பேசியது, மறுதரப்பும் இனத்தைப் பற்றியே பதில் சொன்னது. தலைப்பில் இருந்த இன்னொரு சொல்லை, அதாவது 'உழைக்கும் வர்க்கம்' என்பதை, பெரும்பாலானோர் தொடவே இல்லை. யாரை எண்ணி அந்தப் பெயரை வைத்தார்கள்? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

எண்கள் யாருடையவை

அறிக்கையில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட எண் இது: 2019இல் இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதிபெற்ற வெள்ளை பிரிட்டிஷ் மாணவர்களில் 17.7 சதவீதம் பேர்தான் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் ஆங்கிலம், கணிதம் இரண்டிலும் நல்ல தேர்ச்சி, அதாவது 5 அல்லது அதற்கு மேற்பட்ட தரம், பெற்றார்கள். இலவச உணவுக்குத் தகுதிபெற்ற எல்லா மாணவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அது 22.5 சதவீதம். இலவச உணவுக்குத் தகுதிபெற்ற வெள்ளை பிரிட்டிஷ் மாணவர்களில் 19 வயதுக்குள் உயர்கல்விக்குப் போனவர்கள் 16 சதவீதம் மட்டுமே. ஜிப்சி, ரோமா, ஐரிஷ் நாடோடிச் சமூகத்துப் பிள்ளைகளைத் தவிர்த்தால் இதைவிடக் குறைந்த பிரிவு எதுவுமில்லை.

எண்களில் தப்பில்லை. நிலைமை நிஜமாகவே மோசம். ஆனால் மூன்று எண்களும் இலவச உணவுக்குத் தகுதிபெற்ற பிள்ளைகளைப் பற்றியவை. அறிக்கை அந்தத் தகுதியையே உழைக்கும் வர்க்கத்துக்குப் பதிலியாக எடுத்துக்கொண்டது. அதற்கான காரணம் ரொம்பச் சாதாரணமானது. இங்கிலாந்துப் பள்ளிகள் மாணவரின் பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதில்லை. இலவச உணவு உண்டா இல்லையா என்பதை மட்டும் பதிவு செய்கின்றன. கைக்கு எட்டிய விவரம் அதுதான். அதைக் கொண்டு எண்ணினார்கள். ஆய்வாளர்கள் காலங்காலமாகச் செய்து வருவதும் இதைத்தான். அட்டவணையில் 'இலவச உணவுத் தகுதி' என்று எழுதியிருக்கும் வரை யாருக்கும் நஷ்டம் இல்லை. அட்டவணையிலிருந்து தலைப்புக்குப் போகும் வழியில்தான் பெயர் மாறுகிறது.

சரி, அந்தத் தகுதிக்கு வரம்பு என்ன? 2018 ஏப்ரல் முதல், யுனிவர்சல் கிரெடிட் என்னும் அரசு உதவி பெறும் குடும்பமாக இருந்தால், குடும்பத்தின் மொத்த உழைப்பு வருமானம் வரி போக ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டியிருந்தது. (அதற்கு முன்பே உணவு பெற்றுவந்த பிள்ளைகளுக்கு இடைக்காலப் பாதுகாப்பு இருந்தது. வட அயர்லாந்தில் அப்போது வரம்பு 14,000 பவுண்டு. ஒரே நாடு, கடலைத் தாண்டினால் வர்க்கக் கோடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.)

7,400 பவுண்டு என்றால் எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2021 ஏப்ரலில், 23 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.91 பவுண்டு. அந்தக் கூலியில் வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை பார்த்தாலே ஆண்டு முடிவில் வரம்பைத் தாண்டிவிடும். வாரத்துக்கு 37.5 மணி நேரம் பார்த்தால் ஆண்டுக்கு 17,000 பவுண்டுக்குச் சற்று மேல் வரும். அதாவது வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அதனால் என்ன ஆகிறது? முதியோரின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு தாய், நாட்டிலேயே சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த கூலியில் முழுநேரம் உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பாதுகாப்பு இல்லையென்றால் அவருடைய மகன் இந்த எண்களில் வரமாட்டான். 'உழைக்கும் வர்க்க மாணவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே அவன் மறுபக்கத்தில், வசதியான வக்கீல் வீட்டுப் பிள்ளையோடு ஒரே கூட்டில் எண்ணப்படுவான். முழுநேரம் உழைத்ததற்காகவே ஒருவரை உழைக்கும் வர்க்கத்திலிருந்து வெளியேற்றும் அளவுகோல் இது. வேண்டுமென்றே யோசித்தால்கூட இப்படி ஒன்று அமையாது.

15க்கும் 60க்கும் நடுவே

2019 ஜனவரியில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களில் இலவச உணவுக்குத் தகுதிபெற்றவர்கள் 15.4 சதவீதம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஜனவரியில், அது 20.8 ஆனது. இன்னொரு பக்கம், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு 2015இல் மக்களிடம் கேட்டபோது 60 சதவீதம் பேர் தங்களை உழைக்கும் வர்க்கம் என்று சொன்னார்கள்.

செய்தி எழுதுபவர் ஏழில் ஒரு பங்குப் பிள்ளைகளைப் பற்றிய எண்ணை வைத்திருக்கிறார். வாசிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் 'நம்மைப் பற்றி' என்று நினைக்கிறார்கள். தலைப்புக்குக் கிடைக்கும் வேகம் இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. 'மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள்' என்றால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்கள். 'உங்கள் வர்க்கத்துப் பிள்ளைகளை மறந்துவிட்டார்கள்' என்றால் கோபம் வரும். அரசியல்வாதிக்கும் பத்திரிகைக்கும் கோபம்தான் உபயோகம்.

அந்த 60 சதவீதத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதே ஆய்வில் நிர்வாக, உயர்தொழில் பதவிகளில் இருப்பவர்களிலேயே 47 சதவீதம் பேர் தங்களை உழைக்கும் வர்க்கம் என்றார்கள். சமூகவியலாளர்கள் சாம் ஃப்ரீட்மன், டேவ் ஓபிரையன், இயன் மெக்டொனால்ட் மூவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கிட்டப் போய்ப் பார்த்தது. நல்ல பதவியில் இருக்கும் 175 பேரிடம் பேசினார்கள். அதில் 36 பேர் நடுத்தர வர்க்கப் பெற்றோருக்குப் பிறந்திருந்தும் தங்களை உழைக்கும் வர்க்கத்தில் பிறந்தவர்களாகவோ, அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர்களாகவோ சொல்லிக்கொண்டார்கள். பலரும் தாத்தா பாட்டியின் கதையிலிருந்து தங்கள் கதையைத் தொடங்கினார்கள். சொந்த உழைப்பால் முன்னேறினேன் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆக, பிரிட்டனில் அந்தப் பெயர் வசை இல்லை, ஒருவிதமான பெருமைப் பட்டம். செய்தித் தலைப்பில் அதை வைக்கும்போது அந்தப் பெருமையும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

எழுத்துகள் எங்கிருந்து வந்தன

இந்தக் குழப்பத்தைக் கல்விக் குழு தொடங்கி வைக்கவில்லை. பிரிட்டிஷ் ஊடகங்கள் வர்க்கத்தைப் பற்றி எழுதும்போது வழக்கமாகக் கையாளும் அளவுகோல் வேறொன்று: தொழிலை வைத்துப் பிரிக்கும் ஏ, பி, சி1, சி2, டி, இ என்ற ஆறு எழுத்துகள். கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் முதல் மூன்றையும் சேர்த்து நடுத்தர வர்க்கம் என்றும் பின் மூன்றையும் சேர்த்து உழைக்கும் வர்க்கம் என்றும் தரும். இந்த எழுத்துகளைப் பரவலாக்கியது 1956இல் தொடங்கிய தேசிய வாசகர் கணக்கெடுப்பு. எந்தப் பத்திரிகையை எப்படிப்பட்ட வீட்டில் வாசிக்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குச் சொல்வதற்காக நடந்த கணக்கெடுப்பு அது. சோப்பு விற்பதற்கும் கார் விற்பதற்கும் போட்ட வகைப்பாடு, பிறகு தேர்தல் செய்தியில் சமூகவியலாக உட்கார்ந்துகொண்டது.

விளம்பரத்துக்கு அது போதும். வர்க்கத்துக்குப் போதாது. 'இ' என்ற எழுத்தில் வேலையில்லாதவர்களோடு அரசு ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் முதியவர்களும் வருகிறார்கள். அவர்களில் கடன் முடிந்த சொந்த வீட்டில் இருப்பவர்களும் உண்டு. சாதாரண அலுவலக எழுத்தர் வேலை சி1, அதாவது நடுத்தர வர்க்கம். சம்பளம் எவ்வளவு, வேலை எப்போது பறிபோகும் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. சொந்த வேன் வைத்துத் தொழில் நடத்தி நன்றாகச் சம்பாதிக்கும் குழாய்ப் பணிக்காரர் சி2, ஆகவே உழைக்கும் வர்க்கம்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று சி2, டி, இ பிரிவினரில் 64 சதவீதம் பேர் வாக்களித்ததாக ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பு சொன்னது. 'உழைக்கும் வர்க்கத்தின் கிளர்ச்சி' என்ற சட்டகம் அன்றிலிருந்து ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. அதே கணிப்பை வேறு திசையிலிருந்து பார்த்தார் புவியியலாளர் டேனி டார்லிங். விலக வேண்டும் என்று விழுந்த வாக்குகளில் 59 சதவீதம் ஏ, பி, சி1 பிரிவினருடையவை என்று அவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். டி, இ இரண்டும் சேர்ந்து 24 சதவீதம்தான். இரண்டு கணக்குமே சரி. மேல் பிரிவுகளில் ஆட்கள் அதிகம், வாக்களிக்கப் போகிறவர்களும் அதிகம். வாக்களித்தவர்களின் வர்க்கத்தைக் கேட்டால் ஒரு விடை. வர்க்கம் எப்படி வாக்களித்தது என்று கேட்டால் இன்னொரு விடை. செய்தி அறைகள் இரண்டாவதை மட்டும் கேட்டுப் பழகிவிட்டன.

இதற்குப் பின்னால் ஒரு பணியிட மாற்றமும் இருக்கிறது. 1970களில் பிரிட்டனின் தேசிய நாளிதழ்களில் தொழிலாளர் விவகாரத்துக்கென்று தனிச் செய்தியாளர்கள் இருந்தார்கள். வேலைநிறுத்தம், கூலிப் பேச்சுவார்த்தை, ஆலை விபத்து எல்லாம் அவர்கள் கையில். 1984-85 சுரங்கத் தொழிலாளர் போராட்டம் தோற்றபின் தொழிற்சங்கங்களின் பலம் குறைந்தது. அந்தச் செய்தியாளர் பணியிடங்களும் மெல்ல மெல்லக் காணாமல் போயின. வர்க்கம் என்ற சொல் பத்திரிகையில் தங்கியது, ஆனால் துறை மாறிவிட்டது. அரசியல் செய்தியாளர் கையில் அது வாக்கு வங்கி. கல்விச் செய்தியாளர் கையில் தேர்ச்சி விகிதம். பத்தி எழுத்தாளர் கையில் கலாசாரச் சண்டை. பத்தி எழுதுபவர்கள் யார் என்பதும் தெரிந்த விஷயம்: 2019இல் சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை கணக்கெடுத்தபோது நாளிதழ் பத்தி எழுத்தாளர்களில் 44 சதவீதம் பேர் தனியார் பள்ளியில் படித்தவர்கள். நாட்டு மக்களில் அந்தப் பங்கு 7 சதவீதம். தனியார் பள்ளியில் படித்தவருக்கு ஏழையைப் புரியாது என்று நான் சொல்ல வரவில்லை. தெருவில் பார்த்துப் பழக்கமில்லாத ஒன்றை எழுதும்போது கையிலிருக்கும் படத்தை வைத்துத்தான் எழுதுவார்கள், அவ்வளவே.

படத்தில் இருப்பவர்

அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வடக்கு இங்கிலாந்து, மூடிய ஆலை, நடு வயதைத் தாண்டிய வெள்ளை ஆண், பின்னணியில் சுரங்கக் கோபுரம். பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. 2021இல் அந்தப் படத்தோடு பொருந்தும் வேலையில் இருந்தவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் பராமரிப்பு வேலை, கிடங்கு வேலை, பேருந்து, துப்புரவு, சமையல்கூடம் இவற்றில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். அவர்களில் பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் ஏராளம்.

'வெள்ளை' என்ற முன்னொட்டு செய்யும் வேலை இங்கேதான் தெரிகிறது. ஒரே முதியோர் இல்லத்தில் ஒரே இரவுப் பணியில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பெண்ணைப் பற்றிச் செய்தி வந்தால் அவர் உழைக்கும் வர்க்கம். நைஜீரியப் பெண் புலம்பெயர்ந்தவர். வங்கதேசப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பெண் சிறுபான்மைச் சமூகத்தவர். கூலிச் சீட்டு மூவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு மட்டும் வர்க்கம் கிடைக்கிறது, மற்ற இருவருக்கும் இனம் மட்டும்.

இது புதிதும் அல்ல. 1976 ஆகஸ்டில் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற புகைப்படச் சுருள் கழுவும் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முன்னால் நின்றவர் குஜராத்தில் பிறந்து கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்த ஜெயாபென் தேசாய். நின்றவர்களில் பெரும்பாலோர் தெற்காசியப் பெண்கள். கட்டாய மிகைநேர வேலை, மரியாதையில்லாத நடத்தை, சங்கம் வைக்கும் உரிமை, இவைதான் பிரச்சினை. 1977இல் யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து அவர்களோடு வாசலில் நின்றார்கள். 1978 ஜூலையில் தோல்வியில்தான் முடிந்தது. உழைக்கும் வர்க்கம் என்ற சொல்லுக்கு அன்றைக்கு அந்த வாசலில் இருந்த அர்த்தம், 2021 தலைப்பில் இருந்ததைவிடத் தெளிவானது. புடவை கட்டியவரும் சுரங்கத்துக்காரரும் தாங்கள் ஒரே பக்கம் நிற்பதை விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள்.

அப்படியானால் யார்

பிரிட்டனின் புள்ளிவிவரத் துறையிடமே இதைவிட நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் ஜான் கோல்டுதார்ப்பின் சிந்தனையை அடிப்படையாகக் கொண்டு டேவிட் ரோஸ் குழுவினர் உருவாக்கிய சமூகப் பொருளாதார வகைப்பாடு 2001 முதல் அதிகாரபூர்வமாகப் பயன்படுகிறது. எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பது அதன் முதன்மைக் கேள்வி அல்ல. எப்படிச் சம்பாதிக்கிறீர்கள் என்பதே கேள்வி. மணிக்கணக்கில் கூலியா, மாதச் சம்பளமா? வேலைக்கு வரும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பதவி உயர்வுக்கு வழி உண்டா? நீக்குவதற்கு முன் எவ்வளவு நாள் அறிவிப்பு?

மேலே சொன்ன பராமரிப்புத் தாயின் காலையை இந்தக் கேள்விகளோடு வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஏழு மணிக்கு முதல் வீடு. முப்பது நிமிடம்: எழுப்பி, கழுவி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, சிற்றுண்டி வைத்து, கைபேசிச் செயலியில் வெளியேறியதைப் பதிய வேண்டும். அடுத்த வீடு பேருந்தில் இருபது நிமிடம். சட்டப்படி அந்தப் பயண நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வர வேண்டும். ஆனால் பல நிறுவனங்கள் வீட்டுக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டுமே மணிக்கூலி போடுகின்றன. குறைகிறதா என்று கணக்குப் பார்த்துக் கேட்பது தொழிலாளியின் பாடு. ஒரு முதியவர் மருத்துவமனைக்குப் போய்விட்டால் அவருடைய முப்பது நிமிடம் அந்த வாரக் கூலியிலிருந்து கழன்றுவிடும். தனக்கே காய்ச்சல் வந்தால்? 2021இன் வழக்கமான விதிப்படி முதல் மூன்று நாளுக்கு எதுவும் இல்லை, நான்காம் நாளிலிருந்து வாரத்துக்கு 96.35 பவுண்டு. அதுவும் வாரச் சம்பாத்தியம் 120 பவுண்டுக்குக் குறையாமல் இருந்தால்தான்.

எனக்கு வர்க்கம் என்பது இந்த விவரங்களில்தான் இருக்கிறது. நேரத்தை விற்றுப் பிழைப்பவர், அந்த நேரம் எப்போது, எவ்வளவு, எந்த விலைக்கு என்பதைத் தீர்மானிக்க முடியாதவர், உடம்பு ஓய்ந்தால் அன்றைக்கே வருமானம் ஓய்ந்துபோகிறவர். பேச்சு வழக்கு, சாப்பாட்டுப் பழக்கம், எந்த ஊர், எந்தக் கட்சி என்பதெல்லாம் பிறகு. வரவேற்பறையில் கணினி முன் உட்காரும் தற்காலிக ஊழியர் இந்தக் கணக்கில் உள்ளே வருவார். ஆறு எழுத்துக் கணக்கில் வெளியே நிற்பார். சுரங்கத் தொழிலாளியின் பேரனாகிய நிறுவன இயக்குநர், தாத்தாவின் விளக்கைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாலும், வரமாட்டார்.

இதற்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம், நியாயமான வாதம்தான்: அளவுகோல் எதுவானாலும் வெள்ளை ஏழைப் பிள்ளைகள் பின்தங்கியிருப்பது உண்மைதானே? உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டீவ் ஸ்ட்ராண்ட் பெற்றோரின் தொழில், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து எடுத்த கணக்குகளிலும் கீழ்நிலையில் இருக்கும் வெள்ளை பிரிட்டிஷ் பிள்ளைகள், குறிப்பாகப் பையன்கள், பின்தங்கியே இருக்கிறார்கள். கரீபியப் பின்னணிப் பையன்களும் அவர்கள் அருகில்தான். பழைய தொழில் நகரங்கள், கடலோர ஊர்கள் பற்றி அறிக்கை சொல்லும் பலதும் கவனிக்க வேண்டியவை.

ஆனால் அறிக்கையின் எண்களை மறுபடி பாருங்கள். இலவச உணவு பெறும் வெள்ளை மாணவர்களுக்கும் இலவச உணவு பெறும் எல்லா மாணவர்களுக்கும் இடையே 4.8 புள்ளி வித்தியாசம். அதே 2019இல் அரசுப் பள்ளி மாணவர்கள் அனைவரையும் எடுத்தால் அந்தத் தேர்ச்சி 43 சதவீதம் அளவில் இருந்தது. இலவச உணவு பெறுவோருக்கும் அவர்களுக்கும் இடையே 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம். வர்க்கத்தின் பெயரைத் தாங்கி வந்த அறிக்கை வெளியான நாளில் 20 புள்ளியை விட்டுவிட்டு 4.8 புள்ளிக்காக நாடு சண்டை போட்டது.

என்ன எழுதியிருக்கலாம்

தலைப்பு எழுதுகிறவரின் சங்கடம் புரிகிறது. 'இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதிபெற்ற வெள்ளை பிரிட்டிஷ் மாணவர்கள்' என்று எந்தத் துணை ஆசிரியரும் போடமாட்டார். 'மிக ஏழை வீட்டுப் பிள்ளைகள்' என்று போட்டிருக்கலாம், இடம் மிச்சமாகியிருக்கும். இரண்டாம் பத்தியில் 7,400 பவுண்டு என்ற ஒரே ஒரு எண்ணைச் சேர்த்திருந்தால் வாசகரே மீதிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் வேலை தருபவர்களுக்குப் பரிந்துரைக்கும் எளிய கேள்வியும் இருக்கிறது: உங்களுக்கு 14 வயதாக இருந்தபோது வீட்டில் அதிகம் சம்பாதித்தவர் என்ன வேலை பார்த்தார்? பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் இதையொத்த ஒரு வரி இருந்தால், இலவச உணவை வைத்து வர்க்கத்தை ஊகிக்க வேண்டியிருக்காது.

அந்த வரி இன்னும் வரவில்லை. வந்தது வேறு மாற்றம். 2025 ஜூனில் பிரிட்டன் அரசு அறிவித்தது: 2026 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், வருமான வரம்பு இல்லாமல், இலவச உணவு. அரசின் கணக்கில் கூடுதலாக 5 லட்சம் பிள்ளைகள். நல்ல முடிவுதான். ஆனால் இலவச உணவை வைத்தே வர்க்கத்தை எண்ணுகிறவர்கள் கணக்கில், இந்த 5 லட்சம் பேரும் பெற்றோரின் வேலையில் ஒரு துளி மாற்றமும் இல்லாமல் ஒரே நாளில் உழைக்கும் வர்க்கத்துக்குள் வந்துவிடுவார்கள். கொஞ்சம் கூடுதல் வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் சேர்வதால் அந்தப் பிரிவின் சராசரித் தேர்ச்சி உயர்ந்ததாகத் தெரியவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு செய்தி வந்தால், 7,400 பவுண்டு வரம்புக்குள் இருந்த பழைய பிரிவைத் தனியாக எண்ணியிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.